நாடகத்தின் உறுப்புகள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கதை, கதைப்பின்னல் இரண்டும் ஒன்றுதானே? பாடப்புத்தகத்தில் ஏன் தனித்தனியாகப் பிரித்திருக்கிறார்கள்?

பதில்: ஒன்றல்ல. நடந்தவை அனைத்தும் நடந்த வரிசையில் இருந்தால் அது கதை. அவற்றுள் எதை மேடையில் காட்டுவது, எதை ஒருவர் வாயால் சொல்லவைப்பது, எங்கே தொடங்குவது என்று தேர்ந்து கோப்பது கதைப்பின்னல்.

பண்டைக் கிரேக்க நாடகாசிரியர் சோபோக்ளிஸின் 'ஈடிபஸ் மன்னன்' நாடகத்தைப் பாருங்கள். குழந்தையை மலையில் விடச் சொல்வது, வளர்ந்தவன் வழியில் தன் தந்தையை யாரென்று அறியாமல் கொல்வது, தாயென்று அறியாமல் அரசியை மணப்பது எல்லாம் கதை. நாடகம் தொடங்கும்போது இவையெல்லாம் முடிந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஊரில் கொள்ளைநோய். முந்தைய அரசனைக் கொன்றவனைக் கண்டுபிடித்து அகற்றினால்தான் தீரும் என்கிறது தெய்வவாக்கு. தேடுகிறவனே கொலையாளி என்று வெளிப்படும் அந்த ஒருநாள் மட்டும்தான் மேடைக்கு வருகிறது.

முதல்முறை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் நாயகனின் பிறப்பிலிருந்து தொடங்கிவிடுகிறார்கள். நெருக்கடி வருவதற்குள் பார்வையாளர் சோர்ந்துவிடுவார். நெருக்கடிக்கு மிக அருகில் தொடங்குங்கள். முன்கதை யாருக்காவது அவசரமாகத் தேவைப்படும் கணத்தில் மட்டும் வெளிவரட்டும். "உனக்குத்தான் தெரியுமே, பத்து வருஷம் முன்னாடி நம்ம அப்பா..." என்று தெரிந்தவரிடமே தெரிந்ததைச் சொல்லும் வசனம் இருந்தால், அந்த இடத்தை மீண்டும் எழுத வேண்டும்.

கேள்வி: அரிஸ்டாட்டில் கூறும் ஆறு உறுப்புகளை மனப்பாடம் செய்திருக்கிறேன். இன்றைய நாடகத்துக்கு அதனால் என்ன பயன்?

பதில்: வரிசையைக் கவனித்தால் பயன் உண்டு. கதைப்பின்னல், பாத்திரம், சிந்தனை, மொழி, இசை, காட்சி என்று முக்கியத்துவப்படி அடுக்கினார். கண்ணுக்குத் தெரியும் அலங்காரம் கடைசியில் நிற்கிறது. ஒத்திகையில் ஒரு காட்சி எடுபடவில்லை என்றால் நாம் முதலில் விளக்கையும் பின்னணி இசையையும் மாற்றிப் பார்க்கிறோம். மேலிருந்து வாருங்கள். இந்தக் காட்சியில் ஏதாவது மாறுகிறதா? பாத்திரம் தன் இயல்புக்கு ஒத்து நடக்கிறதா? அதன்பிறகு வசனம். விளக்குக்குப் போவதற்குள் கோளாறு பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

கேள்வி: இடம், காலம், செயல் என்ற மூவொருமையை வகுத்தவர் அரிஸ்டாட்டில்தானா?

பதில்: முழுவதும் இல்லை. அவர் வற்புறுத்தியது செயலின் ஒருமையை, அதாவது நாடகம் முழுவதும் ஒரே செயலைச் சுற்றி அமைவதை. காலத்தைப் பற்றி, துன்பியல் நாடகம் கூடுமானவரை சூரியனின் ஒரு சுற்றுக்குள் அமைய முயல்கிறது என்ற அளவில்தான் சொன்னார். எல்லாம் ஒரே இடத்தில் நடக்க வேண்டும் என்ற இட ஒருமையைச் சேர்த்து மூன்றையும் சட்டமாக்கியவர்கள் பிற்கால விமர்சகர்கள். இத்தாலியரான காஸ்டெல்வெட்ரோ அரிஸ்டாட்டிலின் 'கவிதையியல்' நூலுக்கு 1570-இல் எழுதிய உரை இதில் முக்கியமானது. தேர்வில் இந்த வேறுபாட்டை எழுதுங்கள்.

கேள்வி: நாடகத்துக்கு முரண் வேண்டும் என்கிறார்கள். என் நாடகத்தில் எல்லோரும் சண்டை போடுகிறார்கள். ஆனாலும் தட்டையாக இருக்கிறது என்கிறார் எங்கள் இயக்குநர். எங்கே தவறு?

பதில்: சண்டை வேறு, முரண் வேறு. ஒருவருக்கு ஒன்று வேண்டும். அதை அடைய விடாமல் ஒன்று தடுக்கிறது. இதுதான் முரண். தடை இன்னொரு மனிதராக இருக்கலாம், அவருடைய சொந்த மனமாக இருக்கலாம், சமூகமோ இயற்கையோ விதியோ ஆகலாம். குரல் உயர வேண்டும் என்ற கட்டாயமே இல்லை.

தந்தை இறந்தபின் வீட்டை விற்க நினைக்கும் தம்பியும், மனமில்லாத அக்காவும் பேசுவதாக வைத்துக்கொள்வோம்.

தம்பி: வீட்டை வித்தே ஆகணும்.
அக்கா: முடியாது.
தம்பி: விக்கணும்னு சொல்றேன்ல.
அக்கா: முடியாதுன்னா முடியாது.

நான்கு வரி போயிற்று. இருவரும் தொடங்கிய இடத்திலேயே நிற்கிறார்கள். உங்கள் நாடகமும் இப்படித்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. இப்போது இதைப் படியுங்கள்.

தம்பி: பேனா இருக்காக்கா?
அக்கா: அப்பா மேசை டிராயர்ல பாரு.
தம்பி: பூட்டியிருக்கு.
அக்கா: சாவி அவர்கிட்டதான் இருந்துச்சு.
தம்பி: (சற்றுப் பொறுத்து) சரி, நான் வெளியில போய் வாங்கிட்டு வரேன்.
அக்கா: இந்நேரம் கடை அடைச்சிருப்பாங்க. காலையில பார்த்துக்கலாம், சாப்பிட வா.

வீடு, விற்பனை, பத்திரம் என்ற சொற்களே வரவில்லை. தம்பிக்குக் கையெழுத்து வேண்டும், அக்காவுக்கு இன்றைய இரவைக் கடத்த வேண்டும். ஒவ்வொரு வரியும் ஒரு நகர்வு. ஒவ்வொன்றுக்கும் பிறகு நிலைமை கொஞ்சம் மாறுகிறது. வாய் பேசுவது பேனாவைப் பற்றி, மனம் பேசுவது வீட்டைப் பற்றி. இந்த அடியோட்டத்தைத்தான் உட்பிரதி என்கிறோம்.

நடிகர்களிடம் "சோகமாகப் பேசுங்கள்" என்று சொல்லாதீர்கள். ஆறு வரியும் ஒரே அழுகுரலில் வந்து காட்சி செத்துவிடும். அக்காவாக நடிப்பவரிடம் "தள்ளிப்போடு" என்றும், தம்பியிடம் "இப்போதே முடி" என்றும் சொல்லிப் பாருங்கள். குரல் தானாக மாறும். பிரதியின் ஓரத்தில் வரிக்கு ஒரு வினைச்சொல் எழுதிவைப்பது நல்ல பழக்கம்: திசைதிருப்புகிறாள், சோதிக்கிறான், மடக்குகிறாள். எந்த வரிக்கு வினைச்சொல் கிடைக்கவில்லையோ, அதை வெட்டிவிடலாமா என்று யோசியுங்கள்.

கேள்வி: நாடக முரணுக்கும் திருப்பத்துக்கும் என்ன வேறுபாடு?

பதில்: மேலே சொன்ன காட்சியையே எடுத்துக்கொள்வோம். தம்பி உள்ளே வருமுன் அக்கா அந்தச் சாவியை எடுத்து முந்தானையில் முடிவதைப் பார்வையாளர் பார்த்துவிட்டால், "சாவி அவர்கிட்டதான் இருந்துச்சு" என்ற வரி வேறு பொருளில் கேட்கும். பாத்திரம் அறியாததைப் பார்வையாளர் அறிந்திருப்பது நாடக முரண் (ஆங்கிலத்தில் dramatic irony); முந்தைய பதிலில் சொன்ன முரண் வேறு. சாவியைக் கடைசியில்தான் காட்டுகிறீர்கள் என்றால் அது திருப்பம். திருப்பம் ஒரு கணம் அதிரவைக்கும். நாடக முரண் காட்சி முழுவதும் பதற்றத்தைப் பிடித்துவைக்கும். எங்களுக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். அரங்கப் பொருள் கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டும். ஒற்றைச் சாவி தெரியாது. பெரிய வளையத்தில் நான்கைந்து சாவிகளைக் கோத்து, மேடையின் முன்பகுதியில் நின்று, சத்தம் கேட்கும்படி எடுத்து முடியச் சொல்லுங்கள்.

கேள்வி: உச்சகட்டம் நாடகத்தின் நடுவில் வரும் என்கிறது ஒரு புத்தகம், முடிவுக்குச் சற்று முன் என்கிறது இன்னொன்று. எது சரி?

பதில்: இரண்டும் வெவ்வேறு வழக்கு. ஜெர்மன் எழுத்தாளர் குஸ்தாவ் பிரைடாக் 1863-இல் நாடகத்தை ஐந்து பகுதிகளாகப் பிரித்தார்: அறிமுகம், ஏற்றம், உச்சம், இறக்கம், முடிவு. ஐந்து அங்கத் துன்பியல் நாடகங்களை மனத்தில் கொண்டு வகுத்ததால் அவருடைய உச்சம் நடுவில், நாயகனின் நிலை திரும்பும் இடத்தில் இருக்கிறது. இன்று நாம் உச்சகட்டம் என்பது பதற்றம் மிகுந்து, இனி ஒத்திப்போட முடியாது என்ற இடத்தை. அது இறுதிக்கு அருகில் வரும். விடையில் எந்தப் பொருளில் சொல்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

நம்மிடமும் ஐந்து சந்திகள், அதாவது நாடகக் கதை வளரும் ஐந்து கட்டங்கள் உண்டு. சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லார் முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என்று அவற்றைப் பயிரை வைத்து விளக்குகிறார். உழுத நிலத்தில் இட்ட வித்து முளைப்பது முகம். இலைவிட்டு நாற்றாவது பிரதிமுகம். பொருள் உள்ளே பொதிந்து கருமுற்றி நிற்பது கருப்பம். கதிர் முற்றித் தாழ்வது விளைவு. அறுத்துத் தூற்றி வீட்டுக்குக் கொண்டுபோய் உண்பது துய்த்தல். கருப்பம் என்ற கட்டத்தை நாடகம் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டும். வெளியே பெரிதாக ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். உள்ளே எல்லாம் கூடியிருக்கும். அவசரக்காரர்கள் இதைத் தாண்டி நேரே விளைவுக்குப் போய்விடுவதால்தான் பல நாடகங்களில் முடிவு திடீரென்று வந்து விழுகிறது.

கேள்வி: பள்ளி விழாவுக்கு 40 நிமிட நாடகம் எழுதியிருக்கிறேன். மொத்தம் 11 காட்சிகள். ஒத்திகையில் இழுக்கிறது. வசனத்தைக் குறைக்கவா?

பதில்: முதலில் இருட்டைக் குறையுங்கள். 11 காட்சி என்றால் பத்து மாற்றம். ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடம் விளக்கணைத்தால் ஐந்து நிமிடம் பார்வையாளர் இருட்டில் உட்கார்ந்திருப்பார்; ஒவ்வொரு முறையும் கட்டிவைத்த பதற்றம் கலையும்.

இடமும் காலமும் மாறாமல் தொடர்ந்து நடப்பது ஒரு காட்சி. கதை ஒரு பெரிய கட்டத்தைக் கடக்கும் இடத்தில் அங்கம் முடியும். 40 நிமிடத்துக்கு ஓரங்கமே போதும். சந்தையில் ஒன்று, தெருவில் ஒன்று என்று போகாமல், அங்கே நடந்ததை ஒருவர் ஓடிவந்து வீட்டுக்குள் சொல்லட்டும். கேட்பவரின் முகத்தில் அது நடக்கும். நான்கு காட்சிக்குள் கொண்டுவரப் பாருங்கள். மாற்றியே தீர வேண்டிய இடங்களில் மங்கிய வெளிச்சத்தில் நடிகர்களே பெட்டியையோ நாற்காலியையோ நகர்த்தலாம்.

கேள்வி: தனிமொழியும் நீண்ட வசனமும் ஒன்றா?

பதில்: பாத்திரம் தனியாக நின்று தன் மனத்தை வாய்விட்டுச் சொல்வது தனிமொழி. எதிரில் ஆள் இருந்து அவரிடம் இடைவிடாமல் பேசுவது நீண்ட வசனம். பிரதிகளில் '(தனக்குள்)' என்று வருவது மூன்றாவது வகை: மேடையில் மற்றவர்கள் இருந்தும் பார்வையாளருக்கு மட்டும் கேட்பதாகக் கொள்ளும் பேச்சு. இதற்கு ஓரிரு வரிதான் தாங்கும். நீண்டால் மற்ற நடிகர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் விழிப்பார்கள்.

கேள்வி: பிரதியில் 'மேடை வலது' என்றிருந்தால் யாருடைய வலது?

பதில்: பார்வையாளரை நோக்கி நிற்கும் நடிகரின் வலது. அரங்கில் உட்கார்ந்து இயக்குபவருக்கு அது இடப்புறம். முதல் ஒத்திகையிலேயே இதைச் சொல்லிவிடாவிட்டால் இருவர் மோதிக்கொள்வார்கள். 'அப்ஸ்டேஜ்' என்றால் மேடையின் பின்பகுதி, 'டவுன்ஸ்டேஜ்' பார்வையாளருக்கு அருகே உள்ள பகுதி; ஒருகாலத்தில் மேடைகள் பின்னோக்கி உயர்ந்து சரிந்திருந்ததால் வந்த பெயர்கள். பின்பகுதியில் நிற்பவரிடம் முன்பகுதியில் நிற்பவர் பேசினால் முதுகைத்தான் காட்ட வேண்டிவரும். ஆகவே முக்கியமான உரையாடலில் இருவரையும் ஒரே கோட்டில், சற்றே முன்பக்கம் திரும்பினாற்போல் நிறுத்துங்கள். இந்த நகர்வுக் குறிப்புகளைப் பிரதியில் பென்சிலால் எழுதுங்கள். அடுத்த ஒத்திகையில் பாதி மாறிவிடும்.