வண்டியில் 14.2, டிரெய்லர் பேட்டரியில் 12.5 வோல்ட்: சார்ஜ் ஏன் ஏறவில்லை?

எஞ்சின் ஓடும்போது வண்டி பேட்டரியில் 14.2 வோல்ட் இருந்தும், பின்னால் மாட்டிய டிரெய்லரின் பேட்டரியில் 12.5-தான் காட்டுகிறது, சார்ஜ் ஏறவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். டிரெய்லர் விளக்கெல்லாம் ஒழுங்காக எரிகிறது, அதனால் வயரிங் சரி என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதை நம்பாதீர்கள். விளக்குக்கு வேறு வயர், சார்ஜுக்கு வேறு வயர்.

எஞ்சினை ஓடவிட்டு, டிரெய்லர் வயரைச் செருகும் வண்டி சாக்கெட்டின் சார்ஜ் பின்னில் மீட்டரை வையுங்கள். ஒன்றுமே வரவில்லையென்றால் ஃபியூஸ் அல்லது ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) கோளாறு. சில வண்டிகளில் அதைப் பொருத்தாமலே விற்கிறார்கள்! 14 வருகிறதா? அப்புறம் டிரெய்லரை மாட்டி, அதிலுள்ள ஃபிரிட்ஜை ஓடவிட்டு டிரெய்லர் பேட்டரியில் அளந்து பாருங்கள். லோடு இல்லாமல், அதாவது மின்சாரம் இழுக்கும் கருவி எதுவும் ஓடாமல் அளந்தால், பச்சைக் களிம்பு ஏறிய சாக்கெட் பின்கூட நல்லதாகவே தெரியும்.

எனக்குச் சந்தேகம் எர்த் மேல்தான், அதாவது மின்சாரம் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி மேல். லோடு இருக்கும்போது, வண்டி பேட்டரியின் நெகட்டிவுக்கும் டிரெய்லர் பேட்டரியின் நெகட்டிவுக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயரை மாற்றுங்கள். கிரீஸ் பூசிய டோ பால் (டிரெய்லரை மாட்டும் இரும்புக் குமிழ்) வழியாக எர்த் எடுப்பது வேலைக்கு ஆகாது.

வயர் கனமும் முக்கியம். 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், போக 8 மீட்டர், வர 8 மீட்டர். 10 ஆம்பியர் ஓடினால் 1.1 வோல்ட் வயரிலேயே போய்விடும். 6 சதுர மில்லிமீட்டர் போட்டால் அரை வோல்ட்டுக்குள் அடங்கும்.

ஓட்டும்போது ஆல்டர்னேட்டரே (எஞ்சினால் சுழன்று பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவி) வோல்ட்டேஜைக் குறைக்கும் புது மாடல் வண்டியா? அப்படியென்றால் டிரெய்லர் பேட்டரி பக்கத்திலேயே ஒரு டிசி-டிசி சார்ஜர் வையுங்கள்; குறைந்து வரும் வோல்ட்டேஜை அது பேட்டரிக்குத் தேவையான அளவுக்கு ஏற்றிக் கொடுக்கும்.