புதுச்சேரியில் ஒரு நாள்: பூட்டியிருந்த மியூசியமும் 1,155 ரூபாய் பில்லும்

கேள்வி: கல்யாண நாளுக்காக நானும் மனைவியும் திருச்சியிலிருந்து புதுச்சேரி போனோம். "மியூசியம், பாரதியார் வீடு, ஒயிட் டவுன், இருவருக்கு 2,400 ரூபாய்" என்று விளம்பரம் செய்த ஓர் ஏஜென்சியில் பணம் கட்டியிருந்தோம். அவர்களே குறித்துக் கொடுத்த தேதி, ஒரு திங்கட்கிழமை. போய்ப் பார்த்தால் மியூசியம் பூட்டிக் கிடந்தது. "அதற்கு நாங்கள் என்ன சார் செய்வது?" என்று கையை விரித்துவிட்டார்கள். மதியம் ஒரு கஃபேயில் சாப்பிட்டோம். பில்லில் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ். 20 ரூபாய் தண்ணீர் பாட்டிலுக்கு 60 ரூபாய். நல்ல நாளில் சண்டை எதற்கு என்று கொடுத்துவிட்டு வந்தேன். பில்லின் படத்தை அனுப்பியிருக்கிறேன். ஏதாவது திரும்பக் கிடைக்குமா?
- வாசகர், திருச்சி

பதில்: முதலில் பில்லைப் பார்ப்போம். சாப்பாடு, காபி, தண்ணீர் எல்லாம் சேர்த்து 1,000 ரூபாய். அதன் கீழே சர்வீஸ் சார்ஜ் 100. பிறகு இந்த 1,100 ரூபாய்க்கு 5 சதவீத ஜிஎஸ்டி 55. மொத்தம் 1,155. நியாயமாக நீங்கள் கொடுத்திருக்க வேண்டியது 1,050தான். சர்வீஸ் சார்ஜுக்கும் சேர்த்து வரி போட்டிருப்பதால் உங்களிடம் கூடுதலாக வாங்கியது 105 ரூபாய்.

சர்வீஸ் சார்ஜ் வரி இல்லை. அது அரசாங்கத்துக்குப் போவதும் இல்லை. பில்லில் ஜிஎஸ்டிக்குப் பக்கத்திலேயே அச்சடித்திருப்பதால் வரி என்று நினைத்துப் பலரும் கொடுத்துவிடுகிறார்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல் தெளிவாகவே இருக்கிறது: உணவகம் இதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது, உணவுக் கட்டணத்தோடு கூட்டி ஜிஎஸ்டி போடவும் கூடாது. உணவக உரிமையாளர் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 மார்ச்சில் டில்லி உயர் நீதிமன்றம் வழிகாட்டுதல் செல்லும் என்று தீர்ப்பளித்தது. சங்கங்கள் மேல்முறையீட்டுக்கும் போயின.

பணம் கட்டும் முன்பே "சர்வீஸ் சார்ஜை எடுத்துவிட்டு வேறு பில் கொடுங்கள்" என்று சொல்வதுதான் சுலபமான வழி. அதற்குக் குரலை உயர்த்தவே வேண்டாம். பரிமாறியவருக்கு மனம் நிறைந்து ஏதாவது தர நினைத்தால் அவர் கையிலேயே கொடுங்கள், அது அவருக்குப் போய்ச் சேரும். நீங்கள் கட்டிவிட்டீர்கள், சரி. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் பில் விவரத்தைச் சொல்லிப் புகாரைப் பதியுங்கள். 105 ரூபாய்க்காகவா என்று தயங்காதீர்கள். அந்த மேசையில் தினமும் எத்தனை பேர் உட்கார்ந்து எழுந்து போகிறார்கள்!

தண்ணீர் பாட்டில் விஷயத்தில் என் பதில் உங்களுக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். கடையில் எம்ஆர்பிக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் தவறு. ஆனால் உணவகத்தில் உட்கார வைத்துப் பரிமாறும்போது அதற்கு மேல் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் சொல்லிவிட்டது. அடுத்த முறை "சாதாரணத் தண்ணீர் போதும்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஏஜென்சி விஷயத்தில்தான் உங்கள் பக்கம் வலுவாக இருக்கிறது. பாரதி பூங்காவுக்கு அருகில் இருக்கும் அந்த அரசு அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. இது திடீரென்று பெய்த மழை மாதிரி இல்லை, அந்த ஊரில் சுற்றுலாத் தொழில் செய்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். அதைச் சொல்லாமல் தேதி குறித்துப் பணம் வாங்கியது சேவைக் குறைபாடு. "நுழைவுச் சீட்டு விலை கொஞ்சம்தான், அதைத் தருகிறோம்" என்று சமாதானம் சொல்வார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். ரோமானியர்களோடு நடந்த வணிகத்துக்குச் சாட்சியாக அரிக்கமேட்டில் கிடைத்த மணிகளையும் ஜாடித் துண்டுகளையும் பார்க்கத்தானே அவ்வளவு தூரம் போனீர்கள்? நீங்கள் இழந்தது அந்த நாளை.

முதலில் ஏஜென்சிக்கு எழுத்து மூலம் கேளுங்கள். பதினைந்து நாள் அவகாசம் கொடுங்கள். பதில் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரிலேயே, அதாவது திருச்சியிலேயே வழக்குப் போடலாம். புதுச்சேரிக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைப்பதும் கட்டாயமில்லை. 'இ-ஜாக்ரிதி' இணையதளத்தில் வீட்டிலிருந்தபடியே தாக்கல் செய்யலாம்.

இதற்கு இரண்டு வருடம் அவகாசம் உண்டு. ஆனால் கஃபே பில் பளபளப்பான தெர்மல் தாளில் இருப்பது படத்திலேயே தெரிகிறது. அந்த எழுத்து சில மாதங்களிலேயே மங்கிப் போய்விடும். இன்றைக்கே ஒரு ஜெராக்ஸ் எடுத்து, ஏஜென்சி விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டோடும் பணம் கட்டிய ரசீதோடும் சேர்த்து வையுங்கள்.