சுவிஸில் குப்பைப் பைக்கும் சூடாக்கும் எண்ணெய்க்கும் எதற்குக் காசு?

தம்பி, வந்து நாலு மாதத்துக்குள் குப்பைப் பைக்கும் காசு, சூடாக்கும் செலவுக் கணக்கிலும் ‘சிஓ2’ (கரியமில வாயு) என்று தனியாக ஒரு காசு, இது சுற்றுச்சூழலின் பெயரால் நடக்கிற கொள்ளையா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. ஆனால் ஏன் அப்படித் தோன்றுகிறது என்று எனக்கு நன்றாக விளங்கும்.

முதலில் பை. குப்பை அகற்றும் கட்டணத்தைப் பையின் விலையிலேயே சேர்த்து வாங்குகிற இந்தக் கட்டணப் பை முறை சென்ட் காலன் நகரில் 1975லேயே தொடங்கியது. அதிகம் எறிகிறவர் அதிகம் கட்டுவார், பிரித்துப் போடுகிறவருக்குச் செலவு குறையும். போத்தல், தகரம், கடதாசி எல்லாவற்றையும் காசில்லாமல் கொடுக்கலாம். பழைய தொலைக்காட்சியைக் கடையிலேயே திருப்பிக் கொடுக்கலாம், அதற்கான காசை வாங்கும்போதே விலையோடு கட்டிவிட்டீர்கள். நான் வந்த வருடம் சாதாரணக் கறுப்புப் பையில் கட்டி வைத்தேன். உள்ளே கிடந்த கடித உறையில் என் விலாசத்தைப் பார்த்துவிட்டுத் தண்டம் அனுப்பினார்கள். அந்தத் தப்பை நீங்கள் செய்யாதீர்கள்.

சிஓ2 காசுதான் பலருக்கும் பிடிபடாத விஷயம். சூடாக்கும் எண்ணெய், எரிவாயு, நிலக்கரி போன்றவற்றுக்குத்தான் அது, பெட்ரோலுக்கு இல்லை. 2008ல் வெளியேறும் சிஓ2 தொன்னுக்கு 12 பிராங்காகத் தொடங்கி 2022ல் 120 ஆனது, எண்ணெய் லீட்டருக்குக் கிட்டத்தட்ட 32 ராப்பன் (பிராங்கின் சதம்). அதில் பாதிக்கு மேல் சனங்களுக்கும் நிறுவனங்களுக்கும் திரும்பி வருகிறது, மிச்சத்தின் பெரும்பகுதி வீடுகளுக்குக் குளிர்காப்புப் போடவும் பழைய கொதிகலனை மாற்றவும் உதவுகிறது. 2024ல் வேறொரு சுற்றுச்சூழல் வரியின் பங்கையும் சேர்த்து ஆளுக்கு 64.20 பிராங் வந்தது, பணக்காரருக்கும் அதே தொகை, கைக்குழந்தைக்கும் அதே தொகை. நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு 256.80. சின்ன வீட்டில் குறைவாக எரிக்கிற குடும்பத்துக்குக் கட்டியதை விடக் கூடவே திரும்பி வரலாம்.

ஆனால் அதைக் கையில் தராமல் மருத்துவக் காப்புறுதிக் கட்டணத்தில் மாதாமாதம் கழிக்கிறார்கள், 2024ல் அது மாதம் 5.35, யார் கவனிப்பார்? கட்டுவது கண்ணுக்குத் தெரிகிறது, வருவது தெரிவதில்லை, இது பெரிய பிழை என்பேன். 2021 ஜூனில் புதிய சிஓ2 சட்டம் வாக்கெடுப்பில் 51.6 வீதமானோர் எதிர்த்து வாக்களித்துத் தோற்றபோது எனக்கு இதுதான் மனதில் ஓடியது. அந்தச் சட்டத்தில் விமானச் சீட்டுக்கும் 30 முதல் 120 பிராங் வரை அறவிட்டு அதிலும் ஒரு பங்கைத் திருப்பித் தர இருந்தார்கள்.

இன்னொரு அநியாயமும் இருக்கிறது. கொதிகலனை மாற்றுவதா என்று முடிவெடுப்பது வீட்டுக்காரர், எண்ணெய்க் காசு கட்டுவது வாடகைக்கு இருக்கிற நாங்கள். அதை வரி மட்டும் சரிசெய்யாது, சட்டமும் வேண்டும். அதுவரை யன்னலை நாள் முழுக்கச் சாய்த்து வைக்காமல் ஐந்து நிமிடம் அகலத் திறந்துவிட்டு மூடுங்கள், கணக்கில் வித்தியாசம் தெரியும்.

சரி, இப்போது காப்புறுதிக் கடிதத்தை எடுத்து ‘உம்வெல்ட்அப்காபன்’ (Umweltabgaben, சுற்றுச்சூழல் வரிகள்) என்ற ஜெர்மன் சொல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அங்கே கழித்திருக்கிற காசு உங்களுடையது.