வீட்டில் சங்ரியா செய்ய எந்த ஒயின் வாங்கலாம்? விலை கூடினால் ருசி கூடுமா?

கூடாது, குறையும். அனுபவப்பட்டுச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பேர் வருகிறார்கள், ஸ்பெயினில் செய்கிற மாதிரி சங்ரியா (சிவப்பு ஒயினில் பழமும் சர்க்கரையும் கலந்து குளிர்ச்சியாகக் குடிக்கிற பானம்) செய்ய ஆசை, நல்ல ஒயினாக வாங்கினால் நன்றாக வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டு அலமாரியில் யாரோ பரிசாகக் கொடுத்த விலை உயர்ந்த பாட்டில் ஒன்று இருக்கிறது என்று நினைக்கிறேன். அதைத் திறக்க ஒரு சாக்கு வேண்டும், எட்டுப் பேருக்கும் கொஞ்சம் கொஞ்சம் போய்ச் சேரட்டும் என்று மனசு சொல்கிறது. எனக்கும் அப்படித்தான் சொன்னது. தயவுசெய்து அதைத் தொடாதீர்கள்.

முதலில் ஒன்று. தமிழில் மதுவைப் பற்றி எழுதினால், அதுவும் ஒரு பெண் எழுதினால், என்னென்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். கேட்டவர் வயது வந்தவர், கேட்டது சமையல் சம்பந்தப்பட்ட கேள்வி, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். குடிக்காதவர்கள் குடிக்க வேண்டாம், அதில் எனக்கு முழு சம்மதம், என் அம்மா வீட்டில் இன்றுவரை யாரும் தொட்டதில்லை.

நாங்கள் ஸ்பெயினில் வலென்சியா நகரத்தில் ஒன்பது வருஷம் இருந்தோம். கடற்கரையை ஒட்டிய கபன்யால் பகுதியில் மூன்று மாடிக் கட்டடம், எங்களுக்கு முதல் மாடி. இரண்டாம் மாடியில் எழுபது தாண்டிய ஒரு பாட்டி தனியாக இருந்தார். அவருடைய அப்பா ரெக்கேனா பக்கம் திராட்சைத் தோட்டத்தில் கொடி கவாத்து செய்தவர். இது எனக்கு அப்போது தெரியாது, தெரிந்திருந்தால் அன்றைக்கு அவரைக் கூப்பிடும் முன்பு இரண்டு முறை யோசித்திருப்பேன்.

ஜூன் 23 இரவு அங்கே சான் ஹுவான் திருவிழா. மால்வரோசா கடற்கரை முழுக்க விறகைக் குவித்துத் தீ மூட்டுவார்கள், நள்ளிரவில் கடலில் இறங்கி அலையைத் தாண்டுவார்கள். போவதற்கு முன்னால் எங்கள் மொட்டை மாடியில் சாப்பாடு என்று ஏற்பாடு. என் கணவருக்கு அலுவலகத்தில் ஒரு வேலை முடிந்த சந்தோஷத்தில் ரியோஹா ரிசர்வா (ஸ்பெயினின் ரியோஹா பகுதியில் செய்து வருஷக்கணக்கில் வைத்திருந்த சிவப்பு ஒயின்) இரண்டு பாட்டில் கொடுத்திருந்தார்கள். பாட்டில் இருபது யூரோவுக்கு மேல் போகும். நல்ல ஒயின் போட்டால் நல்ல சங்ரியா, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று முந்தின நாள் ராத்திரியே இரண்டையும் ஊற்றி, நாலு ஆரஞ்சைத் தோலோடு வட்டம் வட்டமாக வெட்டிப் போட்டு, சர்க்கரையைக் கொட்டி, குளிர்பெட்டியில் வைத்துவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் எடுத்துக் குடித்தால் கசப்பு. கசப்போடு ஒரு மரவாசனை. கொட்டைப் பாக்கை மென்ற மாதிரி நாக்கும் உள்கன்னமும் வறண்டு இழுத்துப் பிடித்தது. அடியில் கரையாத சர்க்கரை ஒரு விரல்கடை உயரத்துக்குக் கிடந்தது. இன்னும் சர்க்கரை, இன்னும் ஐஸ் என்று போட்டுப் பார்த்தேன். போடப் போட மோசமானது. விருந்தாளிகள் நல்லவர்கள், குடித்தார்கள். பாட்டி ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். "எந்த ஒயின் போட்டாய், ஈஹா?" என்றார். ஈஹா என்றால் மகளே என்று அர்த்தம். நான் காலி பாட்டிலைக் கொண்டுவந்து காட்டினேன், கொஞ்சம் பெருமையோடு என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பின்பக்கச் சீட்டைப் படித்தார். கட்டைவிரலால் அந்தச் சீட்டை ஒரு தடவை தடவினார். திட்டவில்லை. "இது மூன்று வருஷம் காத்திருந்த ஒயின்" என்று மட்டும் சொன்னார். அந்த முகத்தை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. நம் ஊரில் நன்றாக விளைந்த நெல்லை மாட்டுக்குக் கொட்டியதைப் பார்க்கிற விவசாயியின் முகம் அது.

மறுநாள் காலையில் அவரே கீழே வந்து கதவைத் தட்டினார், கையில் ஒரு மண் ஜாடியும் நாலு யூரோ கூடப் பெறாத ஒரு பாட்டிலும். அன்றைக்குக் கற்றுக்கொண்டதைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.

ரிசர்வா என்று ரியோஹா சிவப்பு ஒயினில் போட்டிருந்தால், குறைந்தது மூன்று வருஷம் வைத்திருந்து, அதில் ஒரு வருஷமாவது ஓக் மரப் பீப்பாயில் ஊறியது என்று பொருள். கிரியான்ஸா என்றால் இரண்டு வருஷம், அதிலும் ஒரு வருஷம் பீப்பாய். பீப்பாயிலிருந்து வனிலா மாதிரி, புகை மாதிரி வாசனை ஏறும், துவர்ப்பும் ஏறும். சாப்பாட்டோடு, அறைச் சூட்டைவிடக் கொஞ்சம் குளிர்ச்சியாகக் குடித்தால் அந்தத் துவர்ப்புதான் அழகு. ஆனால் ஐஸ் போட்டால் துவர்ப்பும் கசப்பும் முன்னால் வந்து நிற்கும், பழவாசனை பின்னால் போய்விடும். ஆறிப்போன கடுந்தேநீரைக் குடித்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அதன் மேல் எலுமிச்சைப் புளிப்பும் ஆரஞ்சுத் தோலின் கசப்பும் சேர்ந்தால் என்ன மிஞ்சும்? மூன்று வருஷம் வைத்துக் காத்த நுணுக்கமான வாசனைகளைச் சர்க்கரையும் பழச்சாறும் மொத்தமாக மூடிவிடும். காசு கொடுத்த எதுவும் டம்ளரில் இருக்காது, கெடுக்கிற துவர்ப்பு மட்டும் இருக்கும்.

ஆகவே வேண்டியது இளம் ஒயின். ஸ்பெயினில் 'ஹோவென்' என்று எழுதியிருக்கும். பீப்பாய் பார்க்காதது அல்லது பேருக்குப் பார்த்தது, பழவாசனை தூக்கலாக இருப்பது. ரியோஹா என்றால் பின்பக்கச் சீட்டு பச்சை நிறத்தில் இருக்கும், கிரியான்ஸாவுக்குச் சிவப்பு, ரிசர்வாவுக்குக் கருஞ்சிவப்பு, அதையும்விட அதிக வருஷம் வைத்த கிரான் ரிசர்வாவுக்கு நீலம். மொழி தெரியாவிட்டாலும் நிறத்தைப் பார்த்து வாங்கலாம். திராட்சை வகையில் கார்னாச்சா, டெம்ப்ரானியோ இரண்டும் நன்றாக இருக்கும். பாட்டி கொண்டுவந்தது பொபால், வலென்சியாவிலிருந்து எழுபது கிலோமீட்டர் உள்ளே உதியேல், ரெக்கேனா பக்கம் விளைகிற திராட்சை. நிறம் அடர்த்தி, புளிப்பும் நன்றாக இருக்கும். 2024 அக்டோபர் 29 வெள்ளத்தில் உதியேல் ஊருக்குள் ஆறு புகுந்ததைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள், அந்த ஊர்தான். எங்கேயாவது பொபால் கண்ணில் பட்டால் வாங்குங்கள், என் ஆசை அது.

நீங்கள் எந்த ஊர் என்று எழுதவில்லை, சென்னையோ பெங்களூரோ என்று வைத்துக்கொள்கிறேன். ஸ்பெயின் ஒயினைத் தேடி அலைய வேண்டாம். நாசிக் பக்கத்தில் செய்கிற ஜின்ஃபாண்டல் மாதிரி லேசான சிவப்பு ஒயின் போதும். சீட்டில் 'ரிசர்வ்', 'ஓக்' என்று இருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள். கோவாவில் 'போர்ட்' என்று விற்கிற தித்திப்பு ஒயினும் வேண்டாம். அதில் ஏற்கெனவே சர்க்கரை இருப்பதால் தித்திப்பு உங்கள் கையில் இருக்காது. அதற்காக இருப்பதிலேயே மட்டமானதை வாங்கவும் கூடாது. முதலில் ஒரு வாய் வெறுமனே குடித்துப் பார், முகம் சுளிக்காமல் விழுங்க முடிந்தால் ஜாடியில் ஊற்று, இதுதான் பாட்டியின் கணக்கு. காடியாகப் போன ஒயின் எவ்வளவு சர்க்கரை போட்டாலும் காடிதான்.

செய்முறை. ஒரு பாட்டிலுக்குச் சொல்கிறேன், 750 மில்லி. மூன்று மேசைக்கரண்டி சர்க்கரையை அதே அளவு தண்ணீரில் ஒரு துண்டுப் பட்டையோடு கொதிக்க விட்டுப் பாகாக்கி ஆற வையுங்கள், குளிர்ந்த ஒயினில் சர்க்கரை சீக்கிரம் கரையாது. ஒரு பீச் பழத்தைத் துண்டு போட்டு அதன் மேல் 50 மில்லி பிராந்தி ஊற்றி அரை மணி நேரம். இரண்டு ஆரஞ்சின் சாறு. ஒரு எலுமிச்சையின் மஞ்சள் தோல் மட்டும். இந்தத் தோலைப் பாட்டி சீவியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். சின்னக் கத்தி, பழத்தைத்தான் சுற்றினார், கத்தி அசையவே இல்லை. தோல் ஒரே நாடாவாக வந்தது. அதை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்து, ஒரு இடத்தில் ஒட்டியிருந்த வெள்ளையைக் கத்தி முனையால் சுரண்டி எடுத்தார். அந்த வெள்ளைதான் கசப்பு. நார்த்தங்காய் ஊறுகாய் போடுகிற வீட்டில் பிறந்து எனக்கு இது தோன்றாமல் போனதே என்றுதான் இருந்தது. எல்லாவற்றையும் ஒயினோடு கலந்து மூன்று மணி நேரம் குளிர்பெட்டியில். ராத்திரி முழுக்க வேண்டாம். பரிமாறும்போது எலுமிச்சைத் தோலை எடுத்துவிட்டு 250 மில்லி கஸெயோசா ஊற்ற வேண்டும், அது லேசான தித்திப்புள்ள அங்கத்திய சோடா. கிடைக்காவிட்டால் சாதா சோடா ஊற்றிப் பாகைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். ஐஸ் கடைசியில்தான்.

இது குடிக்கும்போது பழச்சாறு மாதிரி இறங்கும். பன்னிரண்டரை சதவீத ஒயினில் இந்த அளவில் செய்தால் எட்டு, ஒன்பது சதவீதம் நிற்கும், சாதாரண பீரைவிட அதிகம். யார் வண்டி ஓட்டப் போகிறார்கள் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

'ஸ்பானியர்கள் சங்ரியாவே குடிப்பதில்லை, அது சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கிற சரக்கு' என்று யாராவது வந்து எழுதுவார்கள். பாதி சரி. உணவகத்தில் உள்ளூர்க்காரர் 'திந்தோ தெ வெரானோ'தான் கேட்பார், சிவப்பு ஒயினும் கஸெயோசாவும், அவ்வளவுதான். ஆனால் வீட்டு விசேஷத்துக்கு, ஊர்த் திருவிழாவுக்குப் பெரிய பாத்திரத்தில் சங்ரியா கலக்கிறார்கள், நானே கலக்கியிருக்கிறேன். ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் போட்ட விதிப்படி ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் செய்ததை மட்டும்தான் வெறுமனே சங்ரியா என்று பெயரிட்டு விற்கலாம். அவர்களுக்கு அது வேண்டாத பொருளாக இருந்தால் அந்தப் பெயருக்காக இவ்வளவு மெனக்கெடுவார்களா? பிராந்தி போடக்கூடாது என்பவர்களும் உண்டு, அவரவர் வீட்டு வழக்கம், நான் சண்டைக்கு வரவில்லை.

சுற்றுலா என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். எங்கள் கட்டடத்தை உரிமையாளர் விற்றார். வாங்கினவர்கள் ஒவ்வொரு வீடாகக் காலி செய்யவைத்து நாள் வாடகைக்கு விட ஆரம்பித்தார்கள். வாசல் கம்பியில் சாவிப்பெட்டிகள் வரிசையாகத் தொங்கின, ராத்திரி இரண்டு மணிக்குப் படிக்கட்டில் பயணப்பெட்டிகள் உருளும் சத்தம். நாற்பத்தோரு வருஷம் இருந்த பாட்டிக்கு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டோம் என்று ஒரு கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தை எனக்குப் படித்துக் காட்டும்போது அவர் குரல் நடுங்கியது. ரெக்கேனாவில் மகள் வீட்டுக்குப் போனார். நாங்களும் அடுத்த வருஷம் கிளம்பிவிட்டோம். கபன்யாலில் ஒரு வாரம் தங்குவதற்கு வீடு தேடுகிறவர்கள் அந்த வீட்டில் முன்னால் யார் இருந்தார்கள் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். எனக்கு ஆறவே இல்லை.

போகும்போது மண் ஜாடியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதன் வாய் கிள்ளிவிட்ட மாதிரி ஒடுங்கியிருக்கும், ஊற்றும்போது பழமும் ஐஸும் உள்ளேயே நிற்கும், ஒயின் மட்டும் வரும். உங்களிடம் அப்படி ஜாடி இல்லையென்றால் ஒரு மரக்கரண்டியை வாயில் குறுக்கே பிடித்துக்கொண்டு ஊற்றுங்கள்.

அந்தப் பரிசு பாட்டிலை வெளிச்சம் படாத இடத்தில் படுக்க வைத்துவிட்டு, ஒரு நாள் நாலு பேர் மட்டும் இருக்கும்போது மட்டன் சுக்காவோடு திறங்கள். காரம் கொஞ்சம் குறைவாக இருக்கட்டும், அரை மணி நேரம் முன்னால் திறந்து வையுங்கள்.