ரெக்கோடர் சின்னப்பிள்ளைச் சாமானா?

கேள்வி: என் மகள் ஆறாம் தரம். பாடசாலையில் பழக்கிய ரெக்கோடரை (நேராகப் பிடித்து ஊதும் குழல்) வீட்டிலும் விடாமல் ஊதுகிறாள். "அது சின்னப்பிள்ளைச் சாமான், வயலின் பழக விடு" என்கிறார்கள் வீட்டார். அந்தக் குழலுக்கென்று பெரிய இசை ஏதும் இருக்கிறதா?
- வாசகி ஒருவர், மாங்குளம்

பதில்: தங்கச்சி, மகளை மறிக்க வேண்டாம். கொன்சேர்ட்டோ என்றால் தனி வாத்தியங்கள் ஒரு வாத்தியக் குழுவோடு சேர்ந்து வாசிக்கும் படைப்பு. ஜெர்மன் இசையமைப்பாளர் பாஹ் 1721இல் அர்ப்பணித்த பிராண்டன்பேர்க் கொன்சேர்ட்டோக்களில் நான்காவதை எடுத்துப் பாருங்கள். ஒரு வயலினோடு இரண்டு ரெக்கோடர்கள் அதில் முன்னுக்கு நிற்கின்றன. ஆனால் உங்கள் வீட்டில் முதலில் கேட்கவேண்டியது டெலெமான் என்ற இசையமைப்பாளரின் ஈ மைனர் கொன்சேர்ட்டோ. ரெக்கோடரும், குறுக்கே பிடித்து ஊதும் ஃபுளூட்டும் சமமான இரண்டு தனி வாத்தியங்களாக வருகிற படைப்பு அது.

டெலெமான் 1681இல் ஜெர்மனியின் மாக்டபேர்க்கில் பிறந்தவர். சிறுவயதிலேயே ரெக்கோடரும் வயலினும் பழகி, பன்னிரண்டு வயதில் ஒபெரா என்ற இசை நாடகமே எழுதிவிட்டார். தாய்க்கு அது பிடிக்கவில்லை. வாத்தியங்களைப் பறித்து வைத்தார். பிறகு சட்டம் படிக்க லைப்சிக் போன பிள்ளை இசைக்கே திரும்பிவிட்டது. இதை உங்கள் வீட்டாருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

கொன்சேர்ட்டோவில் நான்கு பகுதிகள். மூன்றாவதை மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். வயலின்காரர்கள் வில்லை விட்டுவிட்டு விரலால் நரம்பைச் சுண்டுவார்கள். அந்த மெல்லிய சத்தத்தின் மேல் இரண்டு குழல்களும் பாடும். ரெக்கோடரை அழுத்தி ஊதினால் சத்தம் கூடுவதோடு சுருதியும் ஏறிவிடும். அதனால் மற்றவர்கள்தான் அடங்கி இடம் விடவேண்டும். டெலெமான் அதை நன்றாகத் தெரிந்து எழுதியிருக்கிறார்.

கடைசிப் பகுதிதான் எனக்கு உயிர். 1705 அளவில் போலந்துப் பக்கம் ஒரு பிரபுவிடம் வேலை பார்த்தபோது, ஊர்க்காரர் பைக்குழலும் வயலினும் வாசிப்பதைக் கேட்டு அவர் மயங்கிப்போனார். அந்த இசைதான் இங்கே வந்து நிற்கிறது. அடியில் ஒரே சுரம் விடாமல் ஒலிக்கும், வற்றாப்பளைப் பொங்கலில் நாதஸ்வரத்துக்குப் பின்னால் ஒத்து ஊதுவதைப்போல. மேலே குழல்கள் துள்ளி ஓடும். கிளிநொச்சியில் என்னிடம் பழகும் பிள்ளைகளுக்கு இதைப் போட்டால் காலால் தாளம் போடாத பிள்ளை இல்லை.

அப்படியானால் "சின்னப்பிள்ளைச் சாமான்" என்ற பெயர் எப்படி வந்தது? 18ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் வாத்தியக் குழுக்கள் பெருத்துச் சத்தமும் கூடியபோது ரெக்கோடர் ஒதுங்கிவிட்டது. 1919இல் இங்கிலாந்தில் ஆர்னோல்ட் டோல்மெட்ச் அதை மறுபடி செய்யத் தொடங்கினார். அப்புறம் மலிவான பிளாஸ்டிக்கில் பாடசாலைகளுக்கு வந்தது. விலை குறைந்ததும் மதிப்பும் குறைந்துவிட்டது.

சரி, மகளுக்கு ஒரு பயிற்சி. ஒவ்வொரு சுரத்தையும் நாக்கு நுனியால் "தூ" என்று சொல்லித் தொடங்கட்டும். மூச்சு, சூடான தேநீரை ஊதும் அளவுக்குப் போதும். கீச்சென்ற சத்தம் பெரும்பாலும் அழுத்தி ஊதுவதாலும், துளை சரியாக மூடாததாலும்தான் வரும்.

டெலெமான் எழுதியது ஆல்டோ ரெக்கோடருக்கு. அது மகளிடம் இருக்கும் சொப்ரானோவைவிடப் பெரியது. விரல்பிடி ஒழுங்கு ஒன்றுதான், ஆனால் சுரம் மாறும். கட்டைவிரலோடு மேல் மூன்று துளைகளை மூடினால் சொப்ரானோவில் ஜி, ஆல்டோவில் சி. விரல்கள் இன்னும் கொஞ்சம் நீளட்டும். பிறகு கொழும்புக்குப் போகும் யாரிடமாவது சொல்லிப் பிளாஸ்டிக் ஆல்டோ ஒன்று எடுப்பியுங்கள்.