போர்க்கப்பலில் யாருக்கு என்ன வேலை? வாசகர் கேள்விகளும் பதில்களும்

தில்லியில் இருக்கும் கடற்படைத் தளபதியின் உத்தரவு, நடுக்கடலில் இருக்கும் கப்பலுக்கு எந்த வழியாகப் போகிறது?
– வாசகர், திருச்சி

தளபதி அட்மிரல் பதவியில் இருப்பவர். ஆள் சேர்ப்பு, தளவாடம், பட்ஜெட், நீண்ட காலத் திட்டம் எல்லாம் அவருடைய தலைமையகத்தின் பொறுப்பு. கப்பல்களை அன்றாடம் நடத்துவது கமாண்டுகள், அதாவது வட்டாரத் தலைமையகங்கள். மேற்குக் கமாண்டு மும்பையிலும், கிழக்குக் கமாண்டு விசாகப்பட்டினத்திலும், தெற்குக் கமாண்டு கொச்சியிலும் இருக்கின்றன. மூன்றுக்கும் தலைமை வைஸ் அட்மிரல்கள். இவற்றில் கொச்சி முதன்மையாகப் பயிற்சிக்கானது. அந்தமான் நிகோபாரில் 2001இல் தொடங்கிய கமாண்டு முப்படைகளுக்கும் பொதுவானது.

மேற்கிலும் கிழக்கிலும் ஒவ்வொரு ஃப்ளீட், அதாவது போர்க்கப்பல் தொகுதி, உண்டு. அதை நடத்தும் ரியர் அட்மிரல் கப்பல்களோடு கடலுக்குப் போகிறவர். ஆக, தில்லி, கமாண்டு, ஃப்ளீட், கப்பலின் கமாண்டிங் ஆபீசர் என்று நான்கே படிகள். கப்பலை எப்படித் திருப்புவது, எந்த வேகத்தில் ஓட்டுவது என்பதில் மேலே உள்ளவர்கள் தலையிடுவதில்லை. கப்பலுக்கு நேர்வது எதற்கும் கமாண்டிங் ஆபீசர்தான் பொறுப்பு. அவர் தூங்கிக்கொண்டிருந்தாலும் அந்தப் பொறுப்பு அவரை விட்டுப் போகாது.

ராணுவ கேப்டனும் கடற்படை கேப்டனும் சமமா? கப்பலுக்குள் துறைகள் எப்படிப் பிரிகின்றன?
– கல்லூரி மாணவி, மதுரை

சமம் இல்லை. ராணுவ கேப்டனுக்கு இணையானவர் கடற்படையில் லெப்டினன்ட். கடற்படை கேப்டன் ராணுவ கர்னலுக்கு இணை. தோள்பட்டைக் கோடுகளைப் பார்த்தால் குழப்பம் வராது: சப் லெப்டினன்டுக்கு ஒன்று, லெப்டினன்டுக்கு இரண்டு, லெப்டினன்ட் கமாண்டருக்கு இரண்டு தடித்த கோடுகளுக்கு நடுவே ஒரு மெல்லிய கோடு, கமாண்டருக்கு மூன்று, கேப்டனுக்கு நான்கு. சிறிய ரோந்துக் கப்பலுக்கு லெப்டினன்ட் கமாண்டரே தலைமை வகிக்கலாம். அதைவிடப் பெரிய போர்க்கப்பலான கொர்வெட்டுக்கு கமாண்டர், இன்னும் பெரிய ஃப்ரிகேட்டுக்கும் டெஸ்ட்ராயருக்கும் கேப்டன் என்பது வழக்கம்.

கமாண்டிங் ஆபீசருக்கு அடுத்தவர் எக்ஸிகியூட்டிவ் ஆபீசர், எல்லோரும் ‘எக்ஸ்.ஓ.’ என்பார்கள். ஒழுங்கு, சுத்தம், அன்றாட நேர அட்டவணை, சேதக் கட்டுப்பாடு எல்லாம் அவர் கையில். வழிநடத்தல், பீரங்கி, நீர்மூழ்கி எதிர்ப்பு, தகவல் தொடர்பு ஆகியவற்றின் அதிகாரிகள் எக்ஸிகியூட்டிவ் பிரிவினர். என்ஜின், உந்துவிசை, குடிநீர் உற்பத்தி எஞ்சினீயரிங் பிரிவுக்கு. ஜெனரேட்டர், ரேடார், ஆயுதங்களின் மின்சுற்று எலெக்ட்ரிகல் பிரிவுக்கு. சமையல், சம்பளம், உதிரிபாகம் லாஜிஸ்டிக்ஸ் பிரிவுக்கு. ஹெலிகாப்டர் இருந்தால் விமானப் பிரிவும் சேரும்.

என் மகன் கடற்படையில் நான்கு வருட அக்னிவீர் பணிக்கு, எம்.ஆர். (பத்தாம் வகுப்புத் தகுதி) பிரிவில் தேர்வாகியிருக்கிறான். செஃப் வேலை என்கிறார்கள். நான்கு வருடமும் சமையலறையிலேயே கழியுமா?
– தாயார், விருதுநகர்

அம்மா, கழியாது. போர்க்கப்பலில் ஒரே ஒரு வேலை மட்டும் உள்ள ஆள் யாருமே இல்லை. ஒவ்வொரு கப்பலிலும் ஒரு பணிப்பட்டியல் உண்டு. சாதாரண நாளில் ஒருவர் எங்கே நிற்க வேண்டும், துறைமுகத்துக்குள் நுழையும்போது எங்கே, ஆள் கடலில் விழுந்தால் எங்கே, தீ என்றால் எங்கே, சண்டை என்றால் எங்கே, கப்பலைக் கைவிட நேர்ந்தால் எந்த உயிர்காப்பு மிதவை என்பதெல்லாம் அதில் ஆளுக்கு ஆள் எழுதியிருக்கும். புதிதாகக் கப்பலேறுகிறவர் முதல் நாளே மனப்பாடம் செய்ய வேண்டியது இதைத்தான். அதோடு, விளக்கே இல்லாமல் தன் படுக்கையிலிருந்து மேல்தளத்துக்குப் போகும் பாதையையும் பழகிக்கொள்ள வேண்டும்.

போர் நிலையில் சமையல்காரர்களும் ஸ்டூவர்டுகளும் (உணவு பரிமாறுபவர்கள்) பொதுவாக முதலுதவி, ஸ்ட்ரெச்சர், தீயணைப்புக் குழுக்களுக்குப் போவார்கள். அதே சமயம், போர் நிலை பல மணி நேரம் நீண்டால் நிற்கிற இடத்திலேயே ஆட்களுக்குச் சூடாக ஏதாவது கொண்டுபோய்க் கொடுப்பதும் அவர்கள் கடமைதான். சாப்பிடாதவன் கண் ரேடார் திரையில் நிலைக்காது. அந்த வேலையைச் சின்ன வேலை என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள்.

அடிப்படைப் பயிற்சி ஒடிசாவில் உள்ள ஐஎன்எஸ் சில்காவில். அதன்பின் லாஜிஸ்டிக்ஸ் பயிற்சி மும்பை மலாடில் உள்ள ஐஎன்எஸ் ஹம்லாவில். அக்னிவீரர்களைச் சேர்க்கும் திட்டம் 2022இல் அறிவிக்கப்பட்டபோது மாதச் சம்பளம் முதல் ஆண்டு 30,000 ரூபாய், நான்காம் ஆண்டு 40,000 ரூபாய். அதில் 30 சதவீதம், பணி முடியும்போது மொத்தமாகக் கிடைக்கும் சேவா நிதிக்குப் பிடிக்கப்படும். அரசும் அதே அளவு போடும். நான்கு ஆண்டு முடிவில் 25 சதவீதம் பேர் வரை நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவார்கள். அதற்குப் பணியில் காட்டும் திறமையும் மதிப்பிடப்படும் என்பதால், பணிப்பட்டியலில் தன் பெயருக்கு எதிரே உள்ள ஒவ்வொரு வேலையையும் பையன் உருப்படியாகக் கற்றுக்கொள்வது நல்லது.

இரவில் கப்பலை ஓட்டுவது யார்? கேப்டன் எப்போதும் விழித்திருப்பாரா?
– வாசகர், தூத்துக்குடி

ஓட்டுவது ‘ஆபீசர் ஆஃப் த வாட்ச்’. பெரும்பாலும் லெப்டினன்ட், அதாவது இருபதுகளில் உள்ள இளைஞர். ஒரு வாட்ச், அதாவது ஒரு முறைப் பணி, நான்கு மணி நேரம். மாலை 4 முதல் 8 வரை உள்ளதை மட்டும் இரண்டு இரண்டு மணியாக உடைத்துவிடுவார்கள். காரணம் எளிய கணக்கு. நாளை ஆறாகப் பிரித்தால் ஆறு என்பது இரண்டாலும் மூன்றாலும் மிச்சமின்றி வகுபடும். இரண்டு குழு வைத்தாலும் மூன்று குழு வைத்தாலும் நள்ளிரவு வாட்ச் தினமும் ஒரே குழுவின் தலையில் விழும். ஏழாகப் பிரித்தால் அது தானாக மாறி மாறி வரும்.

நள்ளிரவு 12 மணிக்குப் பொறுப்பேற்பவர் 15 நிமிடமாவது முன்னால் வந்துவிட வேண்டும். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக 20, 30 நிமிடம் ஆகும்; அதனால்தான் உள்வழிகளில் சிவப்பு விளக்கு. கேப்டனின் இரவு உத்தரவுப் புத்தகத்தைப் படித்துக் கையெழுத்திடுவார். பிறகு கப்பலின் இடம், திசை, வேகம், சுற்றியுள்ள கப்பல்கள், எது எவ்வளவு பக்கத்தில் கடக்கும், எந்த என்ஜின் ஓடுகிறது, எது பழுதில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொள்வார். எல்லாம் சரியென்றால், பொறுப்பு தன்னிடம் வந்துவிட்டதாக எல்லோர் காதிலும் விழும்படி அறிவிப்பார். இதைச் சொல்லாமல் விட்டால், சுக்கான் பிடிப்பவர் யார் உத்தரவுக்குக் கட்டுப்படுவது என்று தெரியாது. கப்பல் இன்னொன்றுக்கு விலகிக்கொண்டிருக்கும் நேரத்தில் மாற்றிக்கொள்ளக் கூடாது. விலகி முடித்த பிறகுதான்.

மோதல் ஆபத்தைக் கண்டுபிடிக்கும் விதம் இதுதான். வலப்பக்கம் ஒரு சிவப்பு விளக்கு, அதாவது இன்னொரு கப்பலின் இடப்பக்க விளக்கு. திசைகாட்டியில் 045 டிகிரி. ரேடாரில் 6 மைல். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் 4 மைல், திசை அதே 045. தூரம் குறைந்து திசை மாறவில்லை என்றால் மோதல் ஆபத்து உண்டு. இதே நிலை நீடித்தால் இன்னும் இருபது நிமிடம்தான். குறுக்கே வரும் கப்பல் நம் வலப்பக்கம் இருப்பதால் 1972 சர்வதேச மோதல் தடுப்பு விதிகளின்படி விலக வேண்டியது நாம். இங்கேதான் அனுபவமில்லாதவர்கள் தவறுவார்கள்: 5 டிகிரி, இன்னொரு 5 டிகிரி என்று சிறுகச் சிறுகத் திருப்புவார்கள். எதிர்க்கப்பலுக்கு அது கண்ணுக்கே தெரியாது. சீக்கிரமாகவும் பெரிதாகவும் வலப்பக்கம் திரும்பி, அதன் பின்புறமாகக் கடக்க வேண்டும்.

உத்தரவு கொடுப்பதிலும் ஒரு முறை உண்டு. ‘ஸ்டார்போர்ட் 15’ (சுக்கானை வலப்பக்கம் 15 டிகிரி) என்றால் சுக்கான் பிடிப்பவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத் திருப்புவார். திருப்பி முடிந்ததும் மறுபடி சொல்வார். வாயால் சரியாகச் சொல்லிவிட்டு, கையால் எதிர்ப்பக்கம் திருப்புவதும் களைத்த நேரத்தில் நடக்கக்கூடியதே. அதனால் அதிகாரி காதை மட்டும் நம்பாமல், சுக்கான் கோணம் காட்டும் முள்ளைக் கண்ணால் பார்த்தாக வேண்டும்.

கேப்டன் தூங்கலாம், தூங்கவும் வேண்டும். ஆனால் குறிப்பிட்ட தூரத்துக்குள் ஒரு கப்பல் கடக்குமென்றால், பார்வை குறைந்தால், எந்திரம் பழுதானால், சந்தேகம் வந்தாலே போதும், எழுப்ப வேண்டும் என்பது நிலையான உத்தரவு. எழுப்பியதற்காக நல்ல கேப்டன் யாரும் கோபப்பட்டதில்லை.

தீப்பிடித்த கப்பல் தண்ணீரால் கவிழும் என்று படித்தேன். எப்படி?
– பள்ளி ஆசிரியர், நாகப்பட்டினம்

தீயணைக்க ஊற்றும் தண்ணீர் எங்கேயாவது போயாக வேண்டும். 10 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலமுள்ள அறையில் அரை மீட்டர் ஆழத்துக்குக் கடல்நீர் தேங்கினால் சுமார் 41 டன். அது மேல்தளத்தில் தேங்கினால் கப்பலின் எடைமையம் உயரும். அதைவிடக் கேடு, அந்த நீர் தளும்புவது. கப்பல் ஒருபக்கம் சாயும்போது நீரும் அதே பக்கம் ஓடிச் சாய்வை அதிகமாக்கும். 1942 பிப்ரவரியில் நியூயார்க் துறைமுகத்தில் நார்மண்டி என்ற பெருங்கப்பல் தீயணைப்பு நீராலேயே கவிழ்ந்தது.

அதனால் முறை இப்படி. தீயைக் கண்டவர் முதலில் கத்த வேண்டும்: எத்தனையாவது டெக், எந்தப் பிரிவு, இடமா வலமா என்று. பிறகு கைக்கு எட்டிய தீயணைப்பானால் உடனே அடிக்க வேண்டும். அடுத்து அந்த அறைக்குப் போகும் மின்சாரமும் காற்றோட்டமும் நிறுத்தப்படும். சுவாசக் கருவி அணிந்த குழு உள்ளே போகும்போது இன்னொரு குழு அறையின் ஆறு பக்கங்களையும், அதாவது நான்கு சுவர், மேலே, கீழே, வெளியிலிருந்து குளிர்விக்கும். இரும்பு வெப்பத்தைக் கடத்துவதால் மறுபக்கத்துப் பெயின்டும் கேபிளும் தாமாகவே பற்றிக்கொள்ளும். ஆறில் ஒரு பக்கத்தை மறந்தால் அங்கே இரண்டாவது தீ. ஊற்றும்போதே பம்ப் வைத்து நீரை இறைத்துக்கொண்டும் இருக்க வேண்டும்.

என்ஜின் அறையில் தீ பெரிதானால் ஆட்களை வெளியேற்றி, எண்ணி, எல்லாத் திறப்பையும் மூடி வாயு செலுத்துவார்கள். கார்பன் டை ஆக்சைடு தீயைத் திணறடிக்கும், சூட்டைத் தணிக்காது. அவசரப்பட்டுக் கதவைத் திறந்தால் காற்று புகுந்து மறுபடி பற்றும். அந்தப் பொறுமை இல்லாமல் போவது மிக ஆபத்தான பிழை.

கதவுகளிலும் ஹேட்ச்களிலும் (தளத்தில் உள்ள திறப்பு மூடிகள்) எக்ஸ், ஒய், இசட் எழுத்துகளைப் பார்த்திருப்பீர்கள். எக்ஸ் குறியிட்டவை எப்போதும் மூடியிருக்கும். ஒய் கடலில் மூடியிருக்கும். இசட் போர் நிலையில் மூடப்படும். மூடியிருக்க வேண்டியதைத் திறக்க அனுமதி கேட்டு, பதிவும் செய்ய வேண்டும். ‘ஒரு நிமிடம்தானே’ என்று திறந்துவிட்டு மறந்த கதவு வழியாகத்தான் வெள்ளமும் புகையும் அடுத்த அறைக்குப் போகும். புதிதாகச் சேர்ந்த அல்லது பெரிய மராமத்து முடிந்த கப்பல்களில் கொச்சியின் கடற்பயிற்சிக் குழு ஏறி, இதையெல்லாம் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பது இதற்காகவே.

ஐஎன்எஸ் கட்டபொம்மன் எந்த வகைக் கப்பல்?
– பத்தாம் வகுப்பு மாணவர், திருநெல்வேலி

கப்பலே இல்லை, உங்கள் மாவட்டத்து விஜயநாராயணத்தில் உள்ள கரைத் தளம். மிகக் குறைந்த அதிர்வெண் வானொலி அலைகளால் நீருக்குள் இருக்கும் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்பும் நிலையம் அங்கே உள்ளது. சாதாரண வானொலி அலை கடல்நீரில் உடனே மடிந்துவிடும். இது சில மீட்டர் ஆழம்வரை புகும். கரைத் தளங்களுக்கும் கப்பல்போலப் பெயர் வைப்பது பிரிட்டிஷ் கடற்படையிலிருந்து வந்த வழக்கம். அரக்கோணத்து ஐஎன்எஸ் ராஜாளி, உச்சிப்புளி ஐஎன்எஸ் பருந்து இரண்டும் விமான தளங்கள்.

கப்பலில் இருக்கும் தம்பிக்கு வீட்டில் அவசரம் என்றால் எப்படித் தெரிவிப்பது? அவன் யாரிடம் லீவு கேட்பான்?
– வாசகி, நாகர்கோவில்

ஒவ்வொரு மாலுமிக்கும் ஒரு டிவிஷனல் ஆபீசர் உண்டு. விடுப்பு, பதவி உயர்வு, வீட்டுப் பிரச்சினை எதுவானாலும் முதலில் அவரிடம்தான். அவர் வழியாகத் துறைத் தலைவர், எக்ஸ்.ஓ., தேவைப்பட்டால் கமாண்டிங் ஆபீசர் வரை மனு போகும். தம்பி கடலுக்குக் கிளம்பும் முன்பே அவருடைய டிவிஷனல் ஆபீசரின் பெயரையும், கப்பலின் கரை அலுவலகத் தொலைபேசி எண்ணையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவ அவசரமென்றால் நோயாளியின் பெயர், உறவுமுறை, மருத்துவமனை, மருத்துவரின் குறிப்பு ஆகியவற்றோடு தெரிவித்தால் முடிவு விரைவாக வரும்.

கப்பல் எங்கே இருக்கிறது, எப்போது திரும்பும் என்று யாரிடமும் கேட்காதீர்கள். தெரிந்தாலும் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். 2019 டிசம்பரில் கடற்படை தன் கப்பல்களிலும் தளங்களிலும் ஸ்மார்ட்போனுக்குத் தடை விதித்ததே இப்படிக் கசிந்த தகவல்களால்தான்.