ஹிமாலயன் 411 முன் டயர்: பாதி விலை ஸ்டாக்கை வாங்கலாமா?

தம்பி, ராமேஸ்வரம், கொடைக்கானல் என்று சுற்றும் உங்கள் ராயல் என்ஃபீல்ட் ஹிமாலயன் 411 பைக்குக்குக் காரைக்குடியில் முன் டயர் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்கிறீர்கள். வாங்குமுன் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம் செய்தது. பார்க்கப் புதுசாக மினுங்கும், ஆனால் ரப்பர் இறுகியிருக்கும். நானும் அப்படி ஒன்றை மாட்டிவிட்டு, திருமயம் சாலையில் வெறும் தூறலுக்கே சறுக்கினேன். முழங்கைத் தழும்பு இன்னும் இருக்கிறது.

அளவு 90/90-21, அதை மாற்றாதீர்கள். தார்ச்சாலைதான் அதிகம் என்பதால் மண்பாதைக்கான, பெரிய ரப்பர்க் கட்டைகள் வைத்த டயர் வேண்டாம், உறுமிக்கொண்டே வரும். அப்புறம், டியூபையும் புதிதாகப் போடுங்கள். பழையது நீண்டு போயிருக்கும், உள்ளே மடிந்தால் அந்த மடிப்பிலேயே கிழியும். மாட்டும்போது டயரில் உள்ள அம்புக்குறி சக்கரம் உருளும் பக்கம் இருக்கிறதா என்று நீங்களே பக்கத்தில் நின்று பாருங்கள்.